தறியும் கொலுசும் காப்பியும் யாருக்கான பாடம்?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடத்திட்டம் வகுப்போருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

சேலம் குகைப் பகுதியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். முதலில் ஏற்காட்டு மலையில் வேலை பார்த்தேன், இப்போது ஊருக்குள் பார்க்கிறேன். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. அடுத்தமுறை பாடநூலைத் திருத்த நீங்கள் உட்காரும்போது ஒரு வேண்டுகோளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். சேலத்துத் தொழில்களைச் சேலம் மாவட்டப் பிள்ளைகளின் பாடத்தில் சேருங்கள். கணக்கிலும் அறிவியலிலும் வரலாற்றிலும் சேருங்கள். நெசவாளர் மகள் படிக்கும் அதே பாடத்தை மருத்துவர் மகனும் படிக்கும்படி சேருங்கள்.

இதைக் கேட்டதும் உங்களில் பலருக்குக் குலக்கல்வி நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். சேலத்தில் இருந்துகொண்டு அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1953-இல் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை இந்த நகராட்சியின் தலைவராக இருந்தவர். நீதிக்கட்சி 1944-இல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். பெரியாரும் அந்தக் கழகமும் பின்னாளில் திட்டத்தை எதிர்த்து நின்றதை எல்லோரும் அறிவோம்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் வகுப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்பது திட்டம். கட்டடமும் ஆசிரியரும் போதாத காலம் அது. இரண்டு முறையாக வகுப்பு நடத்தினால் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் மதியத்துக்கு மேல் சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போவான், நிலக்காரர் மகன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பான். பிறப்பு எதுவோ அதுவே பாடமாகிவிடும். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. சரியான முடிவு. என்னைப் போன்றவர்கள் இன்று சாக்பீஸ் பிடித்து நிற்க அந்த முடிவும் ஒரு காரணம். இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் அதற்கு எதிராகப் படித்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கவலை என்னவென்றால், திட்டம் போனது. அந்தத் திட்டத்தைப் பிறப்பித்த நினைப்பு போகவில்லை. படிப்பு பள்ளியில் இருக்கிறது, தொழில் வீட்டில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது என்பது அந்த நினைப்பு. ராஜாஜி சுவரை அப்படியே வைத்துக்கொண்டு நாளை இரண்டாகப் பிரித்தார். நாம் பிள்ளையை நாள் முழுவதும் சுவரின் இந்தப் பக்கம் அழைத்துக்கொண்டோம். பிள்ளைக்கு விடுதலை கிடைத்தது. தொழிலில் இருக்கிற அறிவு மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இந்தச் சுவர் புதிதும் அல்ல. சமுதாயம் சேர்த்துவைத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பிள்ளையிடம் ஒப்படைப்பதே பள்ளியின் வேலை என்பது பழைய பார்வை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் நடந்தன. மணலில் எழுத்து, அப்புறம் ஓலை, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி. அந்த எண்சுவடியைக் கொஞ்சம் பாருங்கள். முந்திரி என்றால் 1/320. காணி 1/80. மா 1/20. மாகாணி 1/16. இந்தப் பின்னங்களைச் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடாகச் சொன்னார்கள். நிலம் அளக்க, நெல் அளக்க, வட்டி போட என்ன கணக்கு வேண்டுமோ அதுவே பாடம். ஊருக்கும் பாடத்துக்கும் அவ்வளவு நெருக்கம் அதற்குப் பிறகு வந்த பள்ளிகளில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஊர் எப்படியோ பள்ளியும் அப்படி. 1790-களில் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்), சேலம் பகுதியில் இளம் அதிகாரியாக வேலை பார்த்த தாமஸ் மன்றோ, சென்னை மாகாண ஆளுநரானபின் 1822-இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர். பல சாதிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கே காட்டுகிறது. அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதையும் அதே கணக்குதான் காட்டுகிறது. எண்சுவடியில் தேறியவன் கணக்குப்பிள்ளை ஆனான். நெய்கிறவனின் கணக்கு தறிக்குழியிலேயே தங்கிவிட்டது.

வெளிநாட்டிலும் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. அமெரிக்காவில் 1918-இல் ஃபிராங்க்ளின் பாபிட் என்ற பேராசிரியர், பெரியவர்கள் உலகத்தில் என்னென்ன செய்கிறார்களோ அதை ஆராய்ந்து பட்டியல் போட்டு, அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே பாடத்திட்டம் என்று வாதாடினார். முன்னோர் சொன்னதை ஒப்படை என்பதும், வேலைக்கு ஆள் தயார் செய் என்பதும் மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிர். இரண்டுமே சமுதாயம் இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதையே அளவாக எடுத்துக்கொண்டு பிள்ளையை அதற்குள் பொருத்துகின்றன. இன்று "இன்டஸ்ட்ரிக்கு என்ன வேண்டும்" என்று கேட்டுவிட்டுப் பாடம் எழுதச் சொல்கிறவர்களும் அந்த வரிசையில் வருகிறவர்கள்தான்.

பாபிட்டுக்கு முன்பே, 1896-இல், ஜான் டூயி என்ற அமெரிக்கக் கல்வியாளர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். அங்கே பிள்ளைகள் கையில் பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் கொடுத்தார்கள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க அரை மணி நேரம் உழைத்த ஒரு பிள்ளைக்கு ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுவிட்டுக் கம்பளியை ஏன் அதிகம் உடுத்தினார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது தானாகவே விளங்கியது. அங்கிருந்து நூற்கும் இயந்திரத்துக்கும், அது கிளப்பிய மாற்றங்களுக்கும் போனார்கள். யாரும் அவர்களை மில் வேலைக்கு அனுப்பத் திட்டம் போடவில்லை. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு உலக வரலாற்றைப் படித்தார்கள், அவ்வளவுதான். சேலத்துப் பிள்ளைக்கு நான் கேட்பது இதைத்தான்.

காந்தியடிகளும் 1937-இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்து ஆதாரக் கல்வியை முன்வைத்தார். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் நூல் நூற்கும் கைக்கதிரான தக்ளியைச் சுற்றினார்கள். பிறகு அது ஒரு பீரியடாகச் சுருங்கி, மதிப்பெண் இல்லாத வேலையாகி, மறைந்தது. தேர்வில் வராத எதையும் நம் ஊரில் பெற்றோரும் பாடமாக மதிப்பதில்லை, ஆசிரியரும் மதிப்பதில்லை. இந்த அனுபவத்தை நீங்கள் மறக்கக் கூடாது.

சரி, தறிக்கு வருகிறேன்.

நூலின் நம்பர் என்பது என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை அடங்குகிறதோ அதுதான் நம்பர். 60-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 60 சிட்டம், 50,400 கஜம், ஏறத்தாழ 46 கிலோமீட்டர். நூலின் ஒரு நுனியைச் சேலத்தில் கட்டிவிட்டுப் புறப்பட்டால், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய்ப் பாதி வழி திரும்பி வந்துவிடலாம். அத்தனை நீளமும் அரைக் கிலோவுக்குக் குறைவு. பருத்தியில் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். பட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அது டெனியர்; அங்கே எண் கூடக் கூட நூல் தடிக்கும். நேர் விகிதம், எதிர் விகிதம் என்று நாங்கள் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இத்தனை ஆட்கள் இத்தனை நாளில் ஒரு சுவரைக் கட்டினால் என்று கேட்கும் கணக்கையே இன்னும் எத்தனை தலைமுறைக்குப் போடுவது?

தறியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்காடு பெட்டியைப் பாருங்கள். பிரான்ஸ் நாட்டு நெசவாளர் ஜக்கார்ட் 1804-இல் உருவாக்கியது; அவர் பெயரைத்தான் நம் நெசவாளர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பார்டரும் பூவும் அட்டையில் ஓட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். ஓட்டை இருந்தால் நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. குறுக்கே போகும் ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. கணினிப் பாடத்தில் 0, 1 என்று சொல்லித் தருவதும் இதையேதான். கணினியின் முன்னோடி என்று சொல்லப்படும் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் பொறிக்கு இந்த ஓட்டை அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இந்தப் பெட்டியின் சத்தத்தில் தூங்கி எழுந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு, கணினியின் கதை தன் வீட்டு வாசல் வழியாகப் போயிருக்கிறது என்று யார் சொல்வது? பாடநூல்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர் தனியாகச் சொன்னால் பிள்ளை ஆறுதல் வார்த்தை என்று நினைத்துக்கொள்ளும். அச்சில் இருந்தால் நம்பும்.

துணிப் பாடம் அதோடு நிற்கவும் கூடாது. விசைத்தறி வந்தபின் குழித்தறி நெசவாளர்கள் எங்கே போனார்கள், சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985-இல் சட்டம் ஏன் வந்தது, அந்தச் சட்டம் எவ்வளவு காத்தது, எவ்வளவு கைவிட்டது, ஒரு சேலையின் விலையில் நெய்தவருக்கு எவ்வளவு சேர்கிறது என்றெல்லாம் சமூக அறிவியல் கேட்க வேண்டும். சாயம் கலந்த தண்ணீர் எங்கே போகிறது என்று அறிவியல் கேட்க வேண்டும். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்துக்குள் நுழைந்து என்ன ஆகிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே கிடக்கும் வேதியியல். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறார்கள். அந்த நாற்றம் என்ன, அதை எப்படி அளப்பது என்று கற்றுத் தந்தால் ஒரு தலைமுறைக்குள் அந்த ஆறு வேறு மாதிரி ஆகும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருக்குவது ஒரு இடம், கம்பி இழுப்பது ஒரு இடம், வளையம் கோத்துப் பற்றவைப்பது வேறு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று தெருத் தெருவாகப் பிரிந்து நடக்கிற வேலை இது. வெள்ளியின் சுத்தத்தை "டச்" என்பார்கள்; 80 டச் என்றால் நூற்றில் 80 பங்கு வெள்ளி. ஒரு கிலோ சுத்த வெள்ளியை 80 டச் ஆக்க எத்தனை செம்பு சேர்க்க வேண்டும்? 250 கிராம். இருபது சதவீதம்தானே, 200 கிராம் என்று அவசரப்பட்டுச் சொல்லும் மாணவரை நிறுத்தி யோசிக்க வைக்கும் அழகான கணக்கு இது. பற்றவைக்கும்போது வெங்காரம் எதற்கு, அது உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை என்ன செய்கிறது என்பது பத்தாம் வகுப்பு வேதியியல். பற்றவைக்கும் புகையும் அமிலப் புகையும் நுரையீரலை என்ன செய்யும், முகக்கவசமும் காற்றோட்டமும் ஏன் வேண்டும் என்பது உயிரியல். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லக்கூடிய உயிரியல். மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசியும் இப்படியே. பச்சைக் கிழங்கில் உள்ள சயனைடு சேர்மங்கள், மாவுப்பால் தொட்டியில் படிவது, மிஞ்சும் சக்கையான திப்பி, ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது என்று ஒரு பருவத்துக்கே பாடம் இருக்கிறது. எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு நம் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மேக்னசைட் கனிமம் ஏன் வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம்.

இப்போது இந்தத் தொழில்கள் எங்களுக்குப் பெரும்பாலும் பெட்டிச் செய்தியாகவோ, ஊரையும் பொருளையும் பொருத்துக என்ற கேள்வியாகவோதான் வந்து சேர்கின்றன. வகுப்பில் விளைவு என்ன தெரியுமா? எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவுக்காகப் பெற்றோர் தொழிலைக் கேட்டால் பிள்ளைகள் வரிசையாக "கூலி, சார்" என்கிறார்கள். அட்டை அடிப்பவரும் கூலி, வளையம் பற்றவைப்பவரும் கூலி, காப்பி பறிப்பவரும் கூலி. அந்த வேலையில் படிப்பு இருக்கிறது என்று பள்ளி ஒருநாளும் சொல்லாததால், அதைப் பெயர் சொல்லிச் சொல்லவே பிள்ளைக்குத் தோன்றுவதில்லை.

மலைக்கு வருகிறேன். இது எனக்கு நெஞ்சில் தங்கிய விஷயம்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஜனவரி வரை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். பறிப்புக் காலத்தில் வகுப்பு மெலிந்துவிடும். சில குடும்பங்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தனியே விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. பிள்ளை வேலைக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் சமவெளிக்குப் போட்ட நாள்காட்டியை மலைக்கும் போட்டுவிட்டு, வராத பிள்ளையை "இடைநிற்றல்" பட்டியலில் எழுதுவது நியாயமா? தேர்வைப் பறிப்பு உச்சத்துக்கு முன்போ பின்போ நகர்த்திக்கொள்ளும் உரிமையை மலைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். அந்த மாதங்களில் உண்டு உறைவிட வசதியைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரியுங்கள். பாடத்திட்டம் என்றால் என்ன கற்பிப்பது என்பது மட்டும் இல்லையே. எப்போது கற்பிப்பது என்பதும் அதில் சேர்ந்ததுதானே.

அந்தக் காப்பிக்குள்ளும் பாடம் இருக்கிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தச் சரிவுகளில் சோலை இருந்தது. சாமையும் ராகியும் விளைந்தன. தோட்டம் வந்தபின் நிலம் யார் கைக்குப் போனது, கூலிக்கு யார் வந்தார்கள் என்று மலைப் பிள்ளை தன் வரலாற்றைத் தானே கேட்க ஒரு பாடம் இடம் கொடுக்க வேண்டும். மலையாளி என்ற பெயருள்ள இந்த மலைப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவும், அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சேர்வராயனிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கியதாகவும் சொல்கிறார்கள். வாய்மொழியாக வரும் ஒரு வரலாற்றை எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று ஏழாம் வகுப்பில் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் உண்டா? ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மரத்தில் ஒட்டி வளரும் அந்தச் செடிகளைக் காட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதே மலையில்தான் படிக்கிறார்கள். அந்தத் தோட்டத்தை அவர்களுக்கு வகுப்பறையாக்குங்கள்.

இதெல்லாம் குலக்கல்வியாக மாறிவிடாமல் இருக்கச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூடத் தளரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பாடம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. பெற்றோர் தொழிலைப் பார்த்து யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. கற்பது தொழிலின் கணக்கும் அறிவியலும் வரலாறும். பள்ளி நேரத்தில் விற்பனைக்குப் பொருள் செய்யக் கூடாது. பள்ளிப் பருவத்திலேயே "திறன் சான்று" கொடுத்து வேலைக்கு வழிகாட்டக் கூடாது. தொழிலின் பெருமையை மட்டும் பாடிவிட்டுச் சாதியையும் கூலியையும் நோயையும் மறைக்கக் கூடாது. ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே குடும்பத் தொழிலுக்குள் நுழைய வழி இருந்ததைத் தமிழ்நாடு எதிர்த்தது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொன்னது. அந்த எச்சரிக்கை உணர்வு நமக்கு எப்போதும் வேண்டும். அதே உணர்வை வைத்துக்கொண்டே தொழிலறிவைப் புத்தகத்துக்குள் கொண்டுவர முடியும்.

சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல் நிலைபெற்றது. நான்கு விதமான பாடத்திட்டங்கள் ஒன்றாயின. அதை நான் கொண்டாடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம் வேண்டும் என்பதற்காக, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பாடமாக அது இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பொதுப் பாடநூலோடு மாவட்டத்துக்கு ஒரு இணைப்பு நூல் வரட்டும். சேலத்து நூலில் இருந்து சேலத்துத் தேர்வில் கட்டாயக் கேள்விகள் வரட்டும். மதிப்பெண் இல்லாமல் போட்டால் தக்ளிக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

பெற்றோர் கேட்பார்கள்: "இது நீட்டுக்கு உதவுமா சார்?" நியாயமான பயம். விகிதமும் உலோகக் கலவையும் நுரையீரலும் எங்கேயும் உதவும் என்று நான் பதில் சொல்வேன். தறி வழியாகப் புரிந்த விகிதம் தேர்வறையில் மறந்துபோகாது. ஆசிரியருக்கே தறி தெரியாதே என்பது அடுத்த கேள்வி. உண்மை. உத்தமசோழபுரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நெசவாளரையும் கொலுசுப் பட்டறைக்காரரையும் மலைப் பெரியவர்களையும் அங்கே அழைத்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம். கல்லூரிப் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் சேலத்தில் நடத்தினால் மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். பகலில் வைத்தால் தறியை நிறுத்தியவருக்கும் பட்டறையை விட்டு வந்தவருக்கும் அன்றைய வருமானம் போய்விடும். வந்து பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். ஏற்காட்டிலும் ஒரு கூட்டம் தனியாக வேண்டும். மலை மக்களைச் சேலத்துக்கு இறங்கி வரச் சொல்ல வேண்டாம். பிப்ரவரி கடைசியில் வைத்தால் பறிப்பு முடிந்திருக்கும், வெளியூர் போனவர்களில் பலரும் திரும்பியிருப்பார்கள். இடம் பார்ப்பது, ஆட்களுக்குச் சொல்வது போன்ற வேலைகளை இங்குள்ள ஆசிரியர்கள் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
குகை, சேலம்.